மந்திரக்கோல் வாங்கப் போகிறீர்களா?

போன மாதம் என் அக்காள் அமெரிக்காவில் இருந்து போனில் பேசினாள்.

"கோடை விடுமுறைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் வாருங்கள். ஆர்லண்டோவுக்குப் போவோம். ஹாரிபாட்டர் பூங்காவைப் பார்ப்போம்" என்றாள்.

என் மகளுக்கு வயது 9. அவள் துள்ளிக் குதித்தாள்.

"அப்பா, எனக்கு ஒரு மந்திரக்கோல் வாங்கித் தருவீர்களா?" என்று கேட்டாள்.

"தருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. ஹாரிபாட்டர் படங்கள் எட்டையும் நாம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடியும் பார்க்க வேண்டும்" என்றேன்.

என் மனைவி சிரித்தாள்.

"விசா வாங்க வேண்டும். பெட்டி கட்ட வேண்டும். தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. பார்த்த படத்தையே திரும்பப் பார்க்க வேண்டுமா? பணம் கொடுத்துப் போகிற இடத்தில் எல்லாம் தானாகத் தெரிந்துவிட்டுப் போகிறது!" என்றாள்.

இது நியாயமான கேள்விதான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இப்படிப்பட்ட பூங்காவுக்குப் புறப்படும் பெற்றோர் பலரும் இதைத்தான் நினைப்பார்கள்.

நான் சொல்கிறேன்: கட்டாயம் பார்க்க வேண்டும். சுற்றுலாவுக்குச் செய்யும் ஏற்பாடுகளில் இதுதான் முதல் ஏற்பாடு.

ஏன் என்று கேட்கிறீர்களா?

கதை என்ன?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹாரிபாட்டர் ஓர் அனாதைப் பையன். ஒரு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவன். வால்டமார்ட் என்ற கொடிய மந்திரவாதி அவர்களைக் கொன்றுவிட்டான். பையன் பெரியம்மாள் வீட்டில் வளர்கிறான். அங்கே அவனுக்குப் படுக்கை எது தெரியுமா? மாடிப்படிக்கு அடியில், தட்டுமுட்டுச் சாமான் போடுகிற பொந்து!

அவனுக்கு 11 வயது பிறக்கிறது. அன்று ராட்சதன் போல் ஒரு மனிதர் வருகிறார். அவர் பெயர் ஹாக்ரிட். "நீ மந்திரவாதி வீட்டுப் பிள்ளை. உனக்கு ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் இடம் இருக்கிறது" என்கிறார். பையன் பள்ளிக்குப் போகிறான். ரான், ஹெர்மாயனி என்று இரண்டு நண்பர்கள் கிடைக்கிறார்கள். கடைசியில் அந்தக் கொடியவனை எதிர்த்து நிற்கிறான்.

ஜே.கே.ரௌலிங் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 7 நாவல்களாக எழுதிய கதை இது. முதல் நாவல் 1997-ல் வந்தது. ஏழு நாவல்களையும் 8 படங்களாக எடுத்தார்கள். முதல் படம் 2001-ல் வந்தது. எட்டாவது படம் 2011-ல் வந்தது.

எட்டுப் படங்களும் சேர்ந்து 1,179 நிமிடம் ஓடும். அதாவது 20 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வாரம் ஒரு படம் என்றால் எட்டே வாரம்!

பூங்காவில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஆர்லண்டோ இருக்கிறது. அங்கே யூனிவர்சல் நிறுவனத்தின் பூங்காக்கள் உள்ளன. 2010 ஜூன் மாதம் அங்கே ஹாரிபாட்டர் பகுதியைத் திறந்தார்கள்.

ஹாக்வார்ட்ஸ் கோட்டை வானளாவ நிற்கிறது. கீழே ஹாக்ஸ்மீட் என்ற கிராமம். வீட்டுக் கூரைகளில் எல்லாம் பனி மூடிக் கிடக்கிறது. புளோரிடா வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் அந்தப் பனி உருகாது. ஏனென்றால் அது பனி அல்ல, பூச்சு வேலை!

2014-ல் பக்கத்துப் பூங்காவில் டயகன் சந்து என்ற மந்திரவாதிகள் கடைவீதியைக் கட்டினார்கள். அங்கே பாங்கிக் கட்டிடத்தின் உச்சியில் ஒரு பறக்கும் நாகம் உட்கார்ந்து நெருப்பைக் கக்குகிறது. இரண்டு பூங்காக்களுக்கும் நடுவே ஹாக்வார்ட்ஸ் ரெயில் ஓடுகிறது. அந்த ரெயிலில் ஏற வேண்டுமானால் இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து டிக்கெட்டு வாங்க வேண்டும்.

2025 மே மாதம் மூன்றாவது பூங்காவிலும் ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்கள். ஜப்பானில் ஒசாகாவிலும், அமெரிக்காவில் ஹாலிவுட்டிலும் இதே போன்ற இடங்கள் உண்டு.

எல்லாம் அழகுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பூங்காவால் கோட்டையைக் கட்ட முடியும். ரெயிலை ஓட்ட முடியும். கதையை உங்கள் நெஞ்சில் வைக்க முடியாது. அதை நீங்கள்தான் வீட்டில் இருந்து கொண்டு போக வேண்டும்.

கதை தெரியாத பிள்ளைக்கு அங்கே தெரிவது என்ன? கடைகள்! கம்பளிச் சட்டைக் கடை, மிட்டாய்க் கடை, மந்திரக்கோல் கடை. "அது வேண்டும், இது வேண்டும்" என்று கேட்கும். நீங்கள் பையைத் திறப்பீர்கள், மூடுவீர்கள். மாலையில் கால் வலிக்கும். பை காலியாகும்.

கதை தெரிந்த பிள்ளையோ ஒவ்வொரு கல்லையும் பார்த்து நிற்கும்.

36 பரிசுகள்

முதல் படத்தில் ஒரு காட்சி வருகிறது. ஹாரியின் பெரியம்மாள் மகன் டட்லிக்குப் பிறந்த நாள். மேஜை நிறையப் பரிசுகள். அவன் எண்ணிக்கை கேட்கிறான். "முப்பத்தாறு" என்கிறார் தகப்பனார். பையன் சீறுகிறான். "போன வருஷம் முப்பத்தேழு கிடைத்ததே!"

பக்கத்தில் ஹாரி நிற்கிறான். அவனுக்கு ஒரு பரிசும் இல்லை.

பிறகு அதே ஹாரி ரெயிலில் போகிறான். கையில் முதல் முறையாகக் கொஞ்சம் காசு இருக்கிறது. எதிரே ரான் என்ற ஏழைப் பையன் வீட்டில் கட்டிக்கொடுத்த ரொட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். தின்பண்ட வண்டி வருகிறது. ஹாரி வண்டியில் இருப்பது அத்தனையையும் வாங்குகிறான். இருவரும் பங்கு போட்டுத் தின்கிறார்கள்.

பூங்காவுக்குப் போகுமுன் பிள்ளைகள் பார்க்க வேண்டியது இந்த இரண்டு காட்சிகளையும்தான். டட்லியாகப் போகலாம், ஹாரியாகவும் போகலாம். எப்படிப் போவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது அல்லவா?

இதைப் பார்த்து முடித்ததும் என் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பா, போன பிறந்த நாளைக்கு எனக்கு எத்தனை பரிசு வந்தது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவளே எண்ணிக்கொண்டாள்.

என் தகப்பனார் சொன்னது

இனி என் சொந்தக் கதை ஒன்று.

2002-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. அப்போது எனக்கு வயது 11. ஹாரிக்கும் கதையில் அதே வயதுதான். பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கியதற்காக என் தகப்பனார் என்னை அந்தப் படத்துக்கு அழைத்துப் போனார். அவர் மதுரையில் மில் தொழிலாளி. இங்கிலீசு தெரியாது. படம் இரண்டரை மணி நேரம். அவர் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

வெளியே வந்தோம். நான் துடைப்பத்தில் ஏறிப் பறக்கிற விளையாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அந்தப் பிள்ளையை மாடிப்படிக்கு அடியில் படுக்கப் போட்டார்களே, பாவிகள்!"

எனக்குச் சப்பென்று போய்விட்டது. எவ்வளவு பெரிய கோட்டை! எத்தனை மந்திரம்! அதையெல்லாம் விட்டுவிட்டு இவர் மாடிப்படியைப் பிடித்துக்கொண்டாரே என்று நினைத்தேன்.

இப்போது அவர் இல்லை. காலமாகி 6 ஆண்டுகள் ஆகின்றன.

போன மாதம் முதல் படத்தை மறுபடி போட்டோம். என் தாயாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "பாதாள பைரவி" பார்த்த கண். மந்திரமும் மாயமும் அவருக்குப் புதிதல்ல. பேச்சு புரியாத இடத்தில் பேத்தி தமிழில் சொன்னாள்.

மாடிப்படிக் காட்சி வந்தது. என் தாயார் சட்டென்று சொன்னார்:

"உன் அப்பாவும் இப்படித்தான் வளர்ந்தார். தகப்பன் செத்தபோது அவருக்கு ஏழு வயது. மாமன் வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் படுக்கை. பத்து வருஷம் அங்கேதான் படுத்தார். உங்களிடம் சொல்லமாட்டார். 'பிள்ளைகளுக்கு எதற்கு அதெல்லாம்' என்பார்."

நான் படத்தை நிறுத்தினேன்.

மாமன் வீட்டில் வளர்ந்தவர் என்பது எனக்குத் தெரியும். மாட்டுக் கொட்டகை தெரியாது. 11 வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குள் அவருடைய பிள்ளைப் பருவம் முழுவதும் இருந்தது. நான் துடைப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்!

"ஏன் அப்பா அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று அன்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது.

அன்று இரவு வெகுநேரம் என் தாயார் அந்தக் காலத்துக் கதைகளைச் சொன்னார். என் மகள் மடியில் படுத்துக் கேட்டாள். தாத்தாவின் கதையை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இது எந்தப் பூங்காவிலும் கிடைக்காது. எந்த டிக்கெட்டுக்கும் கிடைக்காது.

முடிவு தெரிந்தபின்

"முடிவு தெரிந்த கதையில் என்ன ருசி?" என்று சிலர் கேட்கலாம்.

ஸ்நேப் என்ற ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் ஹாரி துடைப்பத்தில் பறக்கும்போது அது தாறுமாறாக ஆடுகிறது. ஸ்நேப் கண் கொட்டாமல் பார்த்து ஏதோ முணுமுணுக்கிறார். "இவர்தான் சூனியம் வைக்கிறார்" என்று ஹெர்மாயனி நினைக்கிறாள். நாமும் நினைத்தோம். அவரை வெறுத்தோம்.

உண்மையில் அவர் முணுமுணுத்தது ஹாரியைக் காப்பாற்றுகிற மந்திரம்! அவர் அந்தப் பையனைக் கடைசி வரை காத்ததற்குக் காரணம் எட்டாவது படத்தில்தான் தெரிகிறது. அதைத் தெரிந்துகொண்டு முதல் படத்தைப் பார்த்தால், அந்தக் கடுகடுத்த முகம் வேறு முகமாகத் தெரிகிறது.

சிறு வயதில் நாம் வெறுத்த பெரியவர்களில் இப்படிப்பட்டவர் ஒருவராவது இருந்திருப்பார். எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஹாரி, ரான், ஹெர்மாயனியாக நடித்தவர்கள் எட்டுப் படங்களிலும் அவர்களேதான். குழந்தைகளாக வந்து, பத்து வருஷத்தில் பெரியவர்களாகி நிற்கிறார்கள். நம் கண் முன்னாலேயே வளர்கிறார்கள்.

பெரியவர்களோ ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தலைமை ஆசிரியர் டம்பில்டோராக முதலில் நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002-ல் காலமானார். இரண்டாவது படம் திரைக்கு வருவதைக்கூட அவர் பார்க்கவில்லை. அவருக்குப் பின் அந்த வேடத்தில் நடித்த மைக்கேல் காம்பன் 2023-ல் மறைந்தார். ஸ்நேப்பாக நடித்த ஆலன் ரிக்மன் 2016-லும், ஹாக்ரிட்டாக நடித்த ராபி கோல்ட்ரேன் 2022-லும், மக்கோனகல் டீச்சராக நடித்த மாகி ஸ்மித் 2024-லும் மறைந்தார்கள்.

பூங்காவில் இவர்களுக்கு மரணம் இல்லை. படத்தைப் பார்க்கும்போதுதான், "அடடா, இவரும் இல்லையே" என்று மனம் சொல்கிறது.

பிள்ளைகள் கெட்டுப் போவார்களா?

"மந்திரம், சூனியம் என்று காட்டினால் பிள்ளைகள் மூடநம்பிக்கையில் விழமாட்டார்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

படத்தை முழுக்கப் பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார். இந்தக் கதையில் எத்தனையோ மந்திரம் உண்டு. ஆனால் செத்தவரை மீட்கிற மந்திரம் இல்லை. முதல் படத்தில் ஹாரி ஒரு மாயக் கண்ணாடியைப் பார்க்கிறான். அதில் இறந்துபோன தாயும் தகப்பனும் அவன் பக்கத்தில் நிற்கிறார்கள். தினமும் அதன் முன்னே போய் உட்காருகிறான். டம்பில்டோர் அவனைத் தடுக்கிறார். கனவிலேயே உட்கார்ந்துவிட்டால் வாழ்வு போய்விடும் என்று எடுத்துச் சொல்கிறார். இதைவிட நல்ல புத்தி வேறு என்ன வேண்டும்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. படங்கள் போகப் போகப் பயங்கரமாகின்றன. முதல் மூன்று படங்களைப் பிரிட்டிஷ் தணிக்கைக் குழுவினர் பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்கள் பார்க்கலாம் என்று விட்டார்கள். நான்காவது படம் முதல், 12 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர்களோடுதான் தியேட்டருக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான்காவது படத்தில் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான். அவன் உடல் மேல் விழுந்து தகப்பன் கதறுகிறான். அந்த இடத்தில் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தனியாகப் பார்க்க விட்டிருந்தால் யார் கையைப் பிடித்திருப்பாள்?

அதனால்தான் சொல்கிறேன்: பிள்ளையிடம் செல்போனைக் கொடுத்து, "பார்த்துக்கொள்" என்று விடாதீர்கள். கூட உட்காருங்கள்.

கோல் கடையில் நடப்பது

பூங்காவில் ஆலிவாண்டர் என்ற மந்திரக்கோல் கடை இருக்கிறது. சிறு கூட்டமாக உள்ளே விடுவார்கள். கூட்டத்தில் ஒருவரைத்தான் கடைக்காரர் அழைப்பார். பெரும்பாலும் ஒரு குழந்தையாக இருக்கும். விளக்கு மின்னும், காற்று வீசும், "இந்தக் கோல் உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது" என்பார். மற்றக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அழைக்கப்பட்ட குழந்தைக்கும் கோல் இனாம் அல்ல. பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

சில சவாரிகளுக்கு உயரம் பார்ப்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் பெரிய சவாரிக்கு 4 அடி வேண்டும். பாங்கிச் சவாரிக்கு மூன்றரை அடி வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள்.

ஆசையோடு போன குழந்தையின் முகம் இந்த இடங்களில் வாடும். இதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஹாரியைத் தவிர மற்றவர்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள் அல்லவா? நெவில் என்று ஒரு பையன். எல்லோரும் கேலி செய்கிற அசடு. அவனை யாரும் எதற்கும் தேர்ந்தெடுக்கவில்லை. கடைசிப் படத்தில் கொடியவனின் பாம்பை வாளால் வெட்டி வீழ்த்துகிறவன் அவன்தான்!

ஒடிந்த கோல்

எட்டாவது படத்தின் முடிவில் உலகத்திலேயே சக்தி வாய்ந்த மந்திரக்கோல் ஹாரியின் கைக்கு வருகிறது. அதை வைத்து அவன் என்ன செய்கிறான்?

இரண்டாக ஒடித்துத் தூர எறிகிறான்!

19 ஆண்டுகள் கழித்து அவன் ரெயில் நிலையத்தில் நிற்கிறான். இப்போது அவனே ஒரு தகப்பன். பயந்துபோன தன் மகன் முன்னே குனிந்து தைரியம் சொல்லிப் பள்ளிக்கு அனுப்புகிறான். மாடிப்படிக்கு அடியில் படுத்திருந்த பிள்ளைக்கு ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது. கதை அங்கே முடிகிறது.

எங்கள் எட்டாவது வாரமும் அப்படி முடிந்தது. என் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மாடிப்படி அறையை அங்கே பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"அது இங்கிலாந்தில் இருக்கிறது, அம்மா. லண்டனுக்குப் பக்கத்தில் லீவ்ஸ்டன் என்ற இடத்தில்தான் படத்தை எடுத்தார்கள். அந்த ஸ்டூடியோவை 2012 முதல் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டிருக்கிறார்கள்" என்றேன்.

"கோட்டையை நீங்கள் பாருங்கள். எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

என் மகள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஹாரியே கோலை ஒடித்துப் போட்டுவிட்டானே. அப்புறம் எனக்கு எதற்குக் கோல்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியைப் பார்த்தேன். "பார்த்தாயா, எட்டு வாரம் வீண் போகவில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மகள் சொன்னாள்:

"ஆனாலும் ஒன்று வாங்கித் தாருங்கள். ஒடிப்பதற்காவது ஒன்று வேண்டாமா?"

வாங்கித் தருவேன்!